மலை வீதியில் ஓடும் காருக்கு சஸ்பென்ஷன் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வீடு, ஹட்டனில் வேலை. 1998ஆம் ஆண்டு சிவிக் ஈகே3 ஒன்றை மழையிலும் பனிமூட்டத்திலும் தினமும் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரின் கராஜில் சஸ்பென்ஷன் வேலைக்குக் கை கொடுப்பேன். அங்கே வரும் தம்பிமார் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பேசுவது சிவிக், ஸ்விஃப்ட் ஸ்போர்ட், லான்சர், இம்ப்ரெசா மாதிரியான கார்களைப் பற்றி. வார நாளில் வேலைக்கும், வார இறுதியில் குடும்பத்தோடு கோயிலுக்கும் போகிற, அதே நேரம் ஓட்டச் சந்தோஷமான கார்கள்.

அண்ணே, கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. முதலில் எதை மாற்ற வேண்டும்?

டயர். சஸ்பென்ஷன் செய்யும் வேலை எல்லாம் டயரை வீதியோடு ஒட்டி வைப்பதற்குத்தான். ஒட்ட வேண்டிய ரப்பரே காய்ந்து போயிருந்தால் மேலே எவ்வளவு விலையான ஷொக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பாகம்) இருந்தும் பயனில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டிய டயர் பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும் ஈரத்தில் முன்போல் பிடிக்காது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டுகிற இடம். அங்கே கோட்டின் ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்த டயரோடு இறங்குவதை நான் ஆபத்து என்றுதான் சொல்வேன்.

காற்றழுத்தத்தையும் குளிர்ந்த டயரில், நல்ல கேஜ் வைத்துப் பாருங்கள். கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்று வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு நாங்கள் செய்தது அது ஒன்றுதான்.

கார் 20 வருஷம் பழையது. நேரே கொயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த செட்) போடலாமா?

போடாதீர்கள். முதலில் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருஷமும் இருந்த கார்களையே நாம் ஓட்டித் தள்ளினோம். என்ஜின் ஒயிலை மாற்றியவர்கள் கூட சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றவில்லை. இப்போது கராஜுக்கு வரும் ஈகே, லான்சர் கார்களில் பாதிக்கு மேல் அடியில் இருக்கும் ரப்பர் எல்லாம் கம்பனியில் போட்டது.

என் காரிலேயே பட்ட பாடு இது. ஈகேயின் பின்சக்கரத்தை ட்ரெய்லிங் ஆம் என்கிற நீளமான இரும்புக்கை ஒன்று பிடித்திருக்கிறது. அதன் முன்பக்கத்தில் முஷ்டி அளவுக்கு ஒரு பெரிய புஷ். வளைவுக்குள் போய் எக்ஸிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் ஒரு விநாடி தாமதித்து அசையும், யாரோ இடுப்பைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி. நான் ஷொக்கைத்தான் சந்தேகப்பட்டேன். ஷொக்கை மாற்றியும் அசைவு அப்படியே இருந்தது. பிறகு காரை ஸ்டாண்டில் ஏற்றி டோர்ச் அடித்துப் பார்த்தால், புஷ்ஷின் ரப்பர் நடுவளையத்தைச் சுற்றி அரைவட்டமாகக் கிழிந்து, விரல் நகம் உள்ளே போகும் அளவுக்குப் பிளந்திருந்தது. லீவரை வைத்து ஆட்டினால் ஆம் முழுவதும் முன்னும் பின்னும் நடக்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பியிருக்கிறது. இரண்டு புஷ் மாற்றிய அன்று கார் புதிதாகப் பிறந்தது.

ஆகவே எந்தக் காராக இருந்தாலும் லோவர் ஆம் புஷ், போல் ஜொயின்ட், டை ரொட் என்ட், ரெக் என்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ஷொக் மவுன்ட், சக்கர பெயரிங் இத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் புதிய பாகத்தைப் பற்றிப் பேச வேண்டும். தளர்ந்த புஷ்ஷுக்கு மேல் கடினமான ஸ்பிரிங் போட்டால் அந்தத் தளர்வு இன்னும் கூடும்.

ஷொக் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொனட்டை அமுக்கி ஆட்டிப் பார்ப்பது முழுக்க நம்பக்கூடிய சோதனை இல்லை. அப்படி ஆட்டினால் இன்னும் ஆடிக்கொண்டே இருந்தால் ஷொக் செத்தது உறுதி. ஆடாமல் நின்றால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வேறு அடையாளங்கள் இருக்கின்றன. ஷொக் உடம்பில் ஒயில் வடிந்து மண் ஒட்டிப் பிசுபிசுவென்று இருக்கும். டயரை உள்ளங்கையால் சுற்றித் தடவினால் இடையிடையே கிண்ணம் மாதிரிக் குழி தட்டுப்படும். குண்டும் குழியுமான வளைவில் கார் வெளிப்பக்கமாகத் தத்தித் தத்திப் போகும். கடைசியாகச் சொன்னதுதான் நம் வீதிகளில் உயிருக்கு உலை வைப்பது, ஏனென்றால் அந்த ஒவ்வொரு தத்தலிலும் டயர் தரையில் இல்லை.

காரை எவ்வளவு இறக்கலாம்?

அதிகம் வாக்குவாதம் நடக்கிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் பதில்: 20 முதல் 25 மில்லிமீற்றர். தோட்ட வீதியில் வீடு இருந்தால் இறக்கவே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். கார் நிற்கும் உயரத்திலிருந்து பம்ப் ஸ்டொப் என்கிற ரப்பர் கட்டையைத் தொடும் வரை சக்கரம் மேலே போக 70 மில்லிமீற்றர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 இறக்கினால் 30 மீதி. இப்போது பின்னால் இரண்டு பேரும் டிக்கியில் சாமானுமாக 200 கிலோ ஏறுகிறது. ஒரு சக்கரத்துக்கு 100 கிலோ. சக்கரத்தில் அளந்தால் மில்லிமீற்றருக்கு 2.5 கிலோ தாங்கும் ஸ்பிரிங் என்றால் 40 மில்லிமீற்றர் அமுங்கும். இருந்ததோ 30. அப்படியென்றால் கார் வீட்டு வாசலிலேயே பம்ப் ஸ்டொப்பில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் ஸ்பிரிங் வேலை செய்யாது, ரப்பர் கட்டைதான் வேலை செய்யும். அந்த நிலையில் நனைந்த வளைவில் ஒரு குழியில் விழுந்தால் பின்பக்கம் ஒரே தாவலாக வெளியே போகும்.

இறக்கினால் பாரம் சாய்வது குறையும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு குறையும் என்று பாருங்கள். காரின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 500 மில்லிமீற்றரில் இருந்தால், 30 இறக்கும்போது வளைவில் வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரம் 6 வீதம்தான் குறைகிறது. அந்த 6 வீதத்துக்காகச் சக்கரம் மேலே அசையும் இடத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கிறோம்.

இம்ப்ரெசா, லான்சர், ஸ்விஃப்ட் இவற்றின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷொக்கே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் அமைப்பு. அவற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. காரைச் சமதரையில் நிறுத்தி, குனிந்து முன் லோவர் ஆமைப் பாருங்கள். சக்கரப் பக்கத்துப் போல் ஜொயின்ட், உள்பக்கத்துப் புஷ்ஷைவிடக் கொஞ்சம் தாழ்ந்தோ சமமாகவோ இருக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் கார் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்று அர்த்தம். ரோல் சென்டர் என்கிற, கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் உயரத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இறக்கிய பிறகு கார் முன்பைவிட அதிகம் சாய்கிறது என்று சிலர் வந்து சொல்வது பொய் இல்லை, காரணம் இதுதான்.

எங்கள் தோட்ட வீதியில் பங்களாவைத் தாண்டியதும் ஒரு மதகு இருக்கிறது. அதன் கொங்கிரீட் விளிம்பு வீதியிலிருந்து ஒரு கை அளவு உயர்ந்து நிற்கும். 35 இறக்கிய காலத்தில் நான் அதை ஒவ்வொரு மாலையும் குறுக்காக, ஒரு சக்கரமாக ஏற்றித்தான் கடந்தேன். மழை நாளில் வண்டல் மூடி விளிம்பு தெரியாமல் ஒருநாள் எக்ஸோஸ்ட் குழாய் அங்கேயே கழன்றது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மனைவி மழையில் நின்றார். அடுத்த ஞாயிறே 15 மில்லிமீற்றர் உயர்த்தினேன். ஓட்டத்தில் எனக்கு எந்த இழப்பும் தெரியவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மண்சரிந்த மலை வீதிகளை நினைத்துப் பாருங்கள். சரிந்த இடத்தைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பித்தான் முதலில் திறந்தார்கள். மலைநாட்டில் இது ஒரு வருஷத்துக் கதை இல்லை. பெருமழை அடித்தால் எங்காவது ஒரு துண்டு வீதி அப்படித்தான் ஆகும், அதன் மேல்தான் நாம் வீட்டுக்குப் போக வேண்டும்.

காரை இறக்கினால் ஹெட்லைட்டின் கோணமும் மாறும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவில் இறங்கியிருந்தால் வெளிச்சம் மூட்டத்துக்குள் மேலே அடித்து உங்கள் கண்ணையே கூசவைக்கும், அல்லது பத்து அடிக்கு முன்னால் தரையில் விழும். நானுஓயாப் பக்கம் மாலை ஐந்து மணிக்கே மூட்டம் இறங்குகிற நாள் உண்டு. லைட்டைத் திருத்தாமல் காரை எடுக்காதீர்கள்.

லோவரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டால் போதாதா?

ஷொக் நல்ல நிலையில் இருந்து, ஸ்பிரிங் சற்றே கடினமானது என்றால் சில காலம் ஓடும். ஆனால் பழைய ஷொக், பழைய ஸ்பிரிங்கின் வேகத்துக்கு அளந்து செய்தது. கடினமான ஸ்பிரிங் அமுங்கியதும் அதிக விசையோடு திரும்பி எழும், அதை ஷொக்கால் பிடித்து வைக்க முடியாது. அதோடு ஷொக்கின் தண்டு எப்போதும் தன் தூரத்தின் கடைசிப் பாதியில்தான் அசையும். இரண்டையும் ஒன்றாகவே வாங்குங்கள். பில்ஸ்டீன் இதற்காகவே இரண்டு வகை வைத்திருக்கிறது: கம்பனி உயரத்துக்கு பி6, இறக்கிய ஸ்பிரிங்குக்குக் குட்டையான பி8. அவர்களே பிரித்து வைத்திருக்கும்போது நாம் கலக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், மலைநாட்டுக் காருக்குக் காசுக்கேற்ற முதல் மாற்றம் கம்பனி ஸ்பிரிங்கோடு நல்ல புது ஷொக். ஒரு படி கடினமானது போதும். கேவைபி, மொன்ரோ, பில்ஸ்டீன், கோனி இவற்றில் உங்கள் காருக்குச் சரியான எண் கிடைப்பதைப் பாருங்கள். பத்தில் ஏழு பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

ஸ்பிரிங்கை வெட்டினால்?

வெட்டாதீர்கள். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து விலகும். மேட்டில் தாவி இறங்கும்போது அது சரியாக உட்காராமல் போனால் அந்த நொடியில் கார் உங்கள் கையில் இல்லை.

கொயில்ஓவர் வாங்கத்தான் போகிறேன். எத்தனை கிலோ ஸ்பிரிங் எடுப்பது?

பெட்டியில் 8 கிலோ, 6 கிலோ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது ஒரு மில்லிமீற்றர் அமுக்கத் தேவைப்படும் கிலோ. ஆனால் அது ஸ்பிரிங்கில் அளந்த எண். சக்கரத்துக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது ஸ்பிரிங் எங்கே மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்ட்ரட் உள்ள காரில் ஏறக்குறைய முழுதாகவே போகும். ஈகே மாதிரி டபுள் விஷ்போனில் (மேலும் கீழுமாக இரண்டு ஆம் உள்ள அமைப்பு) ஸ்பிரிங் ஆமின் நடுவே நிற்கிறது. சக்கரம் 10 மில்லிமீற்றர் போகும்போது ஸ்பிரிங் 7 மட்டும் அமுங்கினால் விகிதம் 0.7, சக்கரத்துக்குச் சேர்வது அதன் வர்க்கம், 0.49. எட்டுக் கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் நான்கு கிலோ கூட இல்லை. ஆகவே நண்பனின் இம்ப்ரெசாவில் எட்டுக் கிலோ போட்டிருக்கிறான் என்று நீங்களும் எட்டுக்குப் போவதில் அர்த்தமில்லை, இரண்டும் வேறு வேறு கார்கள்.

இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் பாரம் 300 கிலோ, சக்கரத்தில் 2.5 கிலோ என்றால் கார் விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை முறை ஆடும் இயல்புள்ளது. அது குடும்பம் உட்காரக்கூடிய, வளைவிலும் ஒழுங்கான கார். ஸ்பிரிங்கை இரண்டு மடங்காக்கி 5 கிலோவுக்குப் போனால் இரண்டு முறையைத் தாண்டும். நல்ல வழுவழுப்பான பந்தயத் தடத்துக்கு அது பொருந்தும். கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் வீதியில், ஒட்டுப்போட்ட தார்த் துண்டுகளின் மேல் அது குதிக்கும். கம்பனி ஸ்பிரிங்கைவிட 30, 40 வீதம் கடினமாக இருந்தால் போதும் என்பேன். ஐம்பதைத் தாண்டுவதற்கு எனக்கு ஒரு நல்ல காரணம் சொல்ல வேண்டும்.

ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோட் வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண நேர் ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது. கார் உயரும், சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறையும், அவ்வளவுதான். அதனால்தான் உயரத்தைக் கீழ் பிராக்கெட்டிலும் ப்ரீலோடை மேல் வளையத்திலும் தனித்தனியாக மாற்றக்கூடிய வகையை வாங்கச் சொல்கிறேன்.

மொனோடியூப் நல்லதா, ட்வின்டியூப் நல்லதா?

வீதியைப் பொறுத்தது. மொனோடியூபில் ஒரே குழாய், பிஸ்டன் பெரியது, சூடு சீக்கிரம் வெளியேறும், நீண்ட நேரம் வேலை வாங்கினாலும் தளராது. ஆனால் அந்த ஒற்றைக் குழாயில் கல் அடித்து ஒரு பள்ளம் விழுந்தால் பிஸ்டன் அங்கே சிக்கும், ஷொக் முடிந்தது. ட்வின்டியூபில் வேலை செய்யும் குழாய்க்கு வெளியே இன்னொரு குழாய் காவலுக்கு இருக்கிறது. தினமும் கல் தெறிக்கும் தோட்ட வீதியில் ஓடுகிறவர்களுக்கு நான் ட்வின்டியூபைத்தான் சொல்வேன். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் நல்ல தாரில் மட்டும் ஓடுகிறவர் மொனோடியூப் எடுக்கலாம்.

பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஷொக் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேறு பாகங்களுக்கு நானும் அங்கேதான் போகிறேன். ஷொக் என்று வரும்போது மிகவும் தயங்குவேன், ஏனென்றால் அது தேயும் பொருள், வெளியே தெரியாமலே தேயும். வாங்கியே ஆக வேண்டுமென்றால் கடையிலேயே இப்படிப் பாருங்கள். நிமிர்த்திப் பிடித்து தண்டை முழுதாக அமுக்குங்கள். வழி முழுவதும் ஒரே எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் 'தொளக்' என்று விழுந்தால் வைத்துவிட்டு வாருங்கள். காஸ் உள்ள ஷொக் என்றால் கையை விட்டதும் தண்டு தானாக மெதுவாக எழும்ப வேண்டும். தண்டின் பளபளப்பில் நகத்தை ஓட்டுங்கள், கீறலோ துருப்புள்ளியோ தட்டுப்பட்டால் அது சீலைச் சீக்கிரம் கிழிக்கும். இடம், வலம் இரண்டும் ஒரே காரிலிருந்து கழற்றியதா என்றும் கேளுங்கள்.

வளைவில் கார் சாய்கிறது. மொத்தமான ஸ்டெபிலைசர் பார் போடட்டுமா?

போடலாம், ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து போடுங்கள். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி அது. பாரின் கடினம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 22 மில்லிமீற்றரிலிருந்து 24க்குப் போனால் பார்வைக்கு இரண்டு மில்லிமீற்றர்தான், கடினம் 40 வீதத்துக்கு மேல் கூடிவிடும். சாய்வு குறையும். ஆனால் வெளிச்சக்கரங்களுக்கு மாறும் மொத்தப் பாரம் ஏறக்குறைய அதேதான். அதை முன்னுக்கும் பின்னுக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதைத்தான் பார் மாற்றுகிறது. பார் கடினமான பக்கம் பிடிப்பை முதலில் இழக்கும்.

முன்சக்கரம் இழுக்கும் காரில் பின் பாரை மொத்தமாக்கினால் மூக்கு நன்றாகத் திரும்பும். காய்ந்த வீதியில் அது இனிமை. ஆனால் கினிகத்தேனை இறக்கத்தில் மழை நாளில், வளைவுக்குள் ஒரு பஸ் வருவதைக் கண்டு திடீரென்று காலை எடுத்தால், அதே பார் பின்பக்கத்தைச் சுழற்றிவிடும். காலை எடுப்பதுதான் யாருக்கும் முதலில் வரும் செயல். ஆகவே ஒரே ஒரு படி, அதற்கு மேல் வேண்டாம். முன் பாரை மட்டும் மொத்தமாக்குவதும் நல்லதல்ல: கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது உள்பக்கத்து முன்சக்கரம் பாரத்தை இழந்து சும்மா சுற்றும்.

சாய்வதைக் கண்டு பயப்படாதீர்கள். சாய்வது நமக்குத் தகவல். கார் மெதுவாக, ஒரே சீராகச் சாய்ந்து ஓரிடத்தில் நிற்குமானால் அந்தச் சஸ்பென்ஷன் நன்றாகவே வேலை செய்கிறது. தள்ளாடினால்தான் கவலைப்பட வேண்டும், அது பாரின் குற்றம் இல்லை, ஷொக்கின் குற்றம்.

ஷொக்கின் கடினத்தை மாற்றும் திருகில் 32 கிளிக் இருக்கிறது. எதில் வைப்பது?

மிக மென்மையான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். தெரிந்த ஒரு வீதித் துண்டைத் தெரிந்த வேகத்தில் ஓட்டி, காரின் உடம்பு மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் மூன்று மூன்று கிளிக்காகக் கூட்டுங்கள். மிதப்பு நின்ற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் ஷொக் திரும்பி எழ விடாது. அடுத்தடுத்துக் குழிகள் வரும்போது ஒவ்வொன்றிலும் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுபட்டுப் பம்ப் ஸ்டொப்பில் உட்காரும். உள்ளே இருப்பவர்களுக்கு அது கடினமாகத் தெரியும், ஸ்போர்ட்டியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான்கு சக்கரத்துக்கும் எத்தனை கிளிக் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள்.

ரப்பருக்குப் பதிலாகக் கடினமான பொலியூரித்தேன் புஷ் போடலாமா?

ஸ்டெபிலைசர் பாருக்கும் லோவர் ஆமின் நேராகச் சுழலும் இடங்களுக்கும் நல்லது, கிரீஸ் போட்டு மாட்டினால் கீச்சிடாது. பல திசைகளில் வளைய வேண்டிய இடத்தில், முன்னே சொன்ன ஈகே ட்ரெய்லிங் ஆம் மாதிரி, கடினமான பொலியூரித்தேன் ஆமை இறுக்கிப் பிடித்துவிடும். அங்கே ரப்பரே போடுங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

எத்தனையோ கராஜில் தவறுகிற ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். காரை ஜெக்கில் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆம் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ்ஷின் நடுக்குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டப்படுகிறது. காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய துணி மாதிரி முறுகி நிற்கும், வெகு சீக்கிரம் கிழியும். புதுப் புஷ் ஆறு மாதத்தில் போய்விட்டது, பாகம் போலி என்று வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். சரியான முறை: போல்ட்டைத் தளர்வாக மாட்டுங்கள், காரின் பாரம் சக்கரத்தில் இருக்கும்படி ரேம்ப்பில் நிறுத்துங்கள், அல்லது ஆமுக்குக் கீழே ஜெக் வைத்து நிற்கும் உயரத்துக்குத் தூக்குங்கள், அதன் பிறகு டோர்க் ரென்ச்சால் இறுக்குங்கள். உயரத்தைப் பின்னர் மாற்றினாலும் தளர்த்தித் திரும்ப இறுக்க வேண்டும். மெக்கானிக்கிடம் இதைப் பணிவாகக் கேட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார்.

ட்வின்டியூப் ஷொக்கை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுதாக அமுக்கி இழுங்கள். படுக்கவைத்த நிலையில் உள்ளே புகுந்த காற்று மேலேறிவிடும்.

கொயில்ஓவரின் மரையில் ஈரமண் சேர்ந்தால் ஒரே வருஷத்தில் வளையம் இறுகிப்போகும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பிரஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் கிரீஸ் அல்லது துருத்தடுப்பு ஸ்ப்ரே பூசுங்கள். மேற்குப் பக்கத்தவர்களுக்கு மே மாதத்துக்கு முன், பதுளை, வெலிமடைப் பக்கத்தவர்களுக்கு ஒக்டோபருக்கு முன்.

அலைன்மென்ட் எப்படி வைப்பது?

ஈகேயில் நான் வைத்திருப்பது: முன்பக்கக் காம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் சாயும் கோணம்) மைனஸ் 1 பாகைக்குச் சற்று மேல், முன் டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம், பின் டோ மொத்தம் 2 மில்லிமீற்றர் உள்நோக்கி. பின்பக்கம் உள்நோக்கி இருந்தால் ஈர இறக்கத்தில் கார் நிதானமாக இருக்கும், அதைப் பூஜ்யமாக்க வேண்டாம். டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லோரும் காம்பரைக் குறை சொல்வார்கள். அநேகமாகக் குற்றவாளி டோ. காரை இறக்கும்போது டோவும் மாறிவிடுகிறது, அதைத் திருத்தாமல் ஓட்டினால் சில ஆயிரம் கிலோமீற்றரில் டயர் போய்விடும். ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் பின்பக்கம் டோர்ஷன் பீம், அங்கே திருப்பிச் சரிசெய்ய வழி இல்லை, முன்னை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வேலை செய்தாலும் 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப அளக்க வேண்டும், புது ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கி உட்காரும்.

மகாகஸ்தோட்டையில் ஓடும் கார்கள் மாதிரிச் செய்ய முடியாதா?

ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவில் நடக்கும் அந்த மலையேற்றப் போட்டியை நானும் ஆசையோடு போய்ப் பார்க்கிறவன். ஆனால் அந்த வீதி அன்று மூடப்பட்டிருக்கும். கார் சில நிமிடம் கூட ஓடாது, ஒருவர் மட்டும் ஹெல்மெட்டோடு இருப்பார். அந்தக் கார் வீட்டுக்குப் பெரும்பாலும் லொறியில்தான் போகும். நம் வீதியில் வளைவுக்கு அப்பால் கொழுந்து லொறி நிற்கலாம், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வரிசையாக ஓரத்தில் நடக்கலாம். தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் இடையில் நடைபாதை இல்லாத எத்தனையோ வளைவு உண்டு. அந்தப் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. ஆகவே வேகத்துக்காகச் சஸ்பென்ஷன் செய்து தருமாறு யாராவது கேட்டால் நான் கை வைப்பதில்லை. அவசரத்தில் திருப்பவும் நிறுத்தவும் முடிகிற காராகச் செய்து தருமாறு கேட்டால் இரவு பகல் பாராமல் வேலை செய்வேன்.

பிரேக்கும் மாற்ற வேண்டுமா?

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பளைக்கு இறங்குவதென்றால் ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேல் இறங்குகிறீர்கள். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும், ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், நல்ல பேட் போடுங்கள், இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். பெரிய டிஸ்க் தேவையில்லை.

காப்புறுதிக்குச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், எழுத்தில். விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல். பாகங்களின் பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

கழற்றிய பழைய பாகங்களை விற்றுவிடலாமா?

ஷொக் செத்திருந்தால் போகட்டும். ஸ்பிரிங், மவுன்ட், தூசு உறை, ரப்பர் இருக்கைகள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இடம், வலம், முன், பின் என்று பெயின்ட்டால் எழுதி, கிரீஸ் தடவி, உரப்பையில் கட்டி வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது. ஒரு ஜூன் மாதம் என் கொயில்ஓவரில் ஒன்று ஒயில் விட்டது. புதியது கொழும்பிலிருந்து வர மூன்று வாரம் என்றார்கள். சமையலறைப் பரணிலிருந்து கம்பனி ஸ்பிரிங்கை இறக்கி, கடையில் கிடைத்த சாதாரண ஷொக்கோடு ஞாயிறு ஒரே பகலில் நாலையும் மாட்டினோம். திங்கள் காலை மழையில் வழக்கம்போல மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஹட்டனுக்குப் போனேன். கொயில்ஓவர் வந்த பிறகும் இரண்டு மாதம் அதை மாற்றவில்லை.